ஜூனியர் முதலில் பேசட்டும்

ராணுவப் பயிற்சிப் பள்ளிகளில் அச்சிட்ட பாடநூலைவிட மதிப்புள்ள சரக்கு ஒன்று உண்டு. பி.சி.கே. என்பார்கள். ப்ரீவியஸ் கோர்ஸ் நாலெட்ஜ். போன கோர்ஸில் படித்தவர் அடுத்து வருபவருக்கு விட்டுப்போகும் குறிப்புகள். முன்பெல்லாம் ஜெராக்ஸ் கட்டாகக் கைமாறும், பிறகு பென் டிரைவுக்குள் புகுந்துகொண்டது. எந்தப் பயிற்சியில் எந்தக் குன்றின்மேல் எந்தக் கம்பெனியை வைக்க வேண்டும், எந்த ஓடைக்கு எவ்வளவு நீளப் பாலம் கேட்பார்கள், எந்த டி.எஸ்.ஸுக்கு எந்தச் சொல் பிடிக்கும் என்பதுவரை அதில் இருக்கும். டி.எஸ். என்றால் டைரக்டிங் ஸ்டாஃப், அதாவது என்னைப் போல வகுப்பெடுப்பவர்கள். எங்கள் கையில் இருக்கும் விடைக்கு டி.எஸ். சொல்யூஷன் என்று பெயர். பி.சி.கே. அதன் கள்ளப் பிரதி.

பொறியாளர் படை அதிகாரிகளுக்குப் பாடம் எடுத்த காலத்தில் சாண்ட் மாடல் முன்னால் நின்று இதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். மரத்தூளும் மணலும் கொட்டி மலை, ஆறு, ஊர், சாலை எல்லாம் செய்து வைத்திருப்போம். எல்லைப் பகுதியில் ரோந்து போய்வந்த கேப்டன், பனிச்சரிவில் ஆள் மீட்டவர், அந்த மணல் ஆற்றின் கரையில் குச்சியைப் பிடித்துக்கொண்டு ஒப்பிப்பார். சொல்கிறபோது அவர் பார்வை மணலில் இருக்காது, என் முகத்தில் இருக்கும். நான் புருவத்தை உயர்த்தினால் பாலம் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும்.

அவர்களைச் சோம்பேறிகள் என்று நான் நினைத்ததில்லை. கோர்ஸ் கிரேடிங் ஆளின் கோப்பில் ஏறுகிறது. கோப்பைப் பார்த்துத்தான் அடுத்த பதவி. வகுப்பறையில் வேறு மாதிரி யோசித்துக் காட்டி கிரேடிங் குறைந்தால் நஷ்டம் அவருக்கு. அந்த யோசனையால் லாபம் வந்தால் அது எப்போதோ, எங்கோ, யாருக்கோ. கணக்குத் தெரிந்தவர் பி.சி.கே.யைத்தான் படிப்பார். படைகளில் புதுச் சிந்தனையை வளர்க்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆட்களுக்கு யோசிக்கக் கற்றுத்தர வேண்டும் என்று நினைக்கிறார்கள். யோசனைக்கு அங்கே ஒரு காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. சொன்னவனுக்கு என்ன ஆயிற்று என்பதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

நான் மெட்ராஸ் சேப்பர்ஸ்காரன். 1780-ல் தொடங்கிய பரம்பரை. தலைமையிடம் பெங்களூரு, அல்சூர் ஏரிப் பக்கம். எங்கள் சிப்பாய்களைத் தம்பி என்றுதான் அழைப்போம். இந்திய ராணுவம் முழுக்க எங்களுக்கு அதுவே பெயராகிவிட்டது. புதிதாக வரும் லெப்டினன்டுக்கு முதல் வாரத்திலேயே பெங்களூர் டார்பிடோ கதை சொல்லப்படும். 1912-ல் எங்கள் படையைச் சேர்ந்த கேப்டன் மெக்ளின்டாக் பெங்களூரில் செய்து காட்டியது. வெடிமருந்து அடைத்த குழாய்கள். ஒன்றோடொன்று மாட்டி நீட்டிக்கொண்டே போகலாம். எதிரியின் முள்வேலிக்கு அடியில் தள்ளிவிட்டு வெடிக்க வைத்தால் பாதை திறக்கும். தள்ளுகிறவன் படுத்த இடத்தைவிட்டு எழ வேண்டியதில்லை. 1944-ல் நார்மண்டிக் கடற்கரையில் அமெரிக்கர்கள் வேலியை உடைத்தது இதை வைத்துத்தான். கதையைக் கேட்டு லெப்டினன்ட் பூரித்துப் போவார். பிறகு அவரைப் பரேடுக்கு அனுப்பி, எதுவும் கேட்காமல் சொன்னதைச் செய்யச் சொல்வோம்.

அப்படிச் சொல்வது தவறு என்று நான் வாதாடப் போவதில்லை. எங்கள் வேலையில் பாதி, யோசிக்கவே கூடாத வேலை. சேஃப்டி ஃப்யூஸ் சுருள் எதுவானாலும் முதலில் ஒரு துண்டை வெட்டி எரித்து நேரம் பார்க்க வேண்டும். நேற்று இதே சுருளில் பார்த்தோமே என்று சொல்லக்கூடாது. பற்றவைத்த பிறகு நடந்துதான் வர வேண்டும், ஓடக்கூடாது. ஓடுகிறவன் தடுக்கி விழுவான். கண்ணிவெடி வயல் போட்டால் ஒவ்வொரு வரிசைக்கும் கணக்கும் வரைபடமும் எழுதிவைத்துவிட்டுத்தான் இடத்தைவிட்டு நகர வேண்டும். இங்கேயெல்லாம் சொந்த மூளையைக் காட்டியவன் தன் கையை மட்டும் இழந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் பின்னால் வருகிறவன் காலும் சேர்ந்து போகும். வெடிமருந்துக் கிடங்கில் புதுமை பேசும் அதிகாரியைக் கண்டால் நான் தள்ளி நிற்பேன்.

ஆனால் டிரில் இருக்கிற இடத்தில் சிந்தனை சாகும் என்கிற பொதுப் பேச்சும் எனக்கு ஒப்பவில்லை. பெய்லி பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டொனால்ட் பெய்லி ராணுவ உடுப்புப் போட்டவர் அல்ல, பிரிட்டிஷ் போர் அலுவலகத்தில் வேலை பார்த்த சிவில் பொறியாளர். அவர் பாலத்தின் உயிர் ஒரு பேனல். 10 அடி நீளம், 570 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 260 கிலோ. ஆறு பேர் தூக்கலாம். எல்லாப் பேனலும் ஒன்றுதான், எதையும் எதோடும் மாட்டி பின் அடித்துவிடலாம். யார் எந்த மூலையில் நிற்பது, எந்தக் கட்டளைக்குத் தூக்குவது, எந்தக் கட்டளைக்கு இறக்குவது எல்லாம் டிரில். ஆனால் அந்தப் பேனலை ஒரு வரிசையாக வைக்கலாம், பக்கத்தில் இரண்டாக மூன்றாக அணைக்கலாம், மேலே இன்னொரு அடுக்கு ஏற்றலாம். சிங்கிள் சிங்கிள், டபுள் சிங்கிள், டிரிபிள் டபுள் என்று தம்பிகள் தூக்கத்திலும் சொல்வார்கள். ஜீப் போகிற பாலமும் டாங்கி போகிற பாலமும் அதே துண்டுகளில் இருந்து வரும். தூக்குகிற வேலையை உடம்பு தானாகச் செய்யும் என்பதால்தான் மனசு ஆற்றைப் பார்க்க முடிகிறது. டிரில் தெரியாத பிளட்டூனில் புது யோசனை பிறந்து நான் கண்டதில்லை. விரல் நசுங்காமல் இருக்கிறதா என்று பார்க்கவே அவர்களுக்கு நேரம் போதாது.

ஆக, தடை டிரில்லில் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டியது, யாரும் எதிர்பார்க்காத ஓர் இடம். கோர்ட் மார்ஷல்.

இளம் அதிகாரியாக இருந்தபோது அப்படி ஒரு நீதிமன்றத்தில் உறுப்பினராக உட்கார்ந்தேன். வழக்கையும் தீர்ப்பையும் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். உறுப்பினர்கள் கருத்தை வெளியிடுவதில்லை என்று சத்தியம் செய்துதான் உட்காருகிறோம். நடைமுறையைச் சொல்லலாம், அது புத்தகத்திலேயே இருக்கிறது. சாட்சி, வாதம் எல்லாம் முடிந்து கதவைச் சாத்திய பிறகு ஒவ்வொருவரும் தன் கருத்தை வாயால் சொல்ல வேண்டும். பதவியில் கடைசியாக இருப்பவர் முதலில். அவருக்கு மேலே இருப்பவர் அடுத்தது. தலைமை வகிக்கும் அதிகாரி கடைசி. 1954-ம் ஆண்டின் ராணுவ விதிகளில் இப்படித்தான் இருக்கிறது. கர்னல் குற்றவாளி என்று சொல்லிவிட்டால் கேப்டன் வாயிலிருந்து வேறு சொல் வராது என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு மனிதனின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் அறையில் இவ்வளவு எச்சரிக்கையாக இருக்கிற அதே ராணுவம், ஒரு பட்டாலியனின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் அறையில் என்ன செய்கிறது? சி.ஓ., அதாவது பட்டாலியனின் கமாண்டிங் ஆபீசர், உள்ளே வருகிறார். எல்லாரும் எழுகிறோம். அவர் வரைபடத்தில் கைவைத்து, "நான் என்ன நினைக்கிறேன் என்றால்..." என்று ஆரம்பிக்கிறார். முடித்துவிட்டு, "யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்கிறார். கடைசி வரிசையில் இருக்கும் லெப்டினன்ட் நோட்டுப் புத்தகத்தில் தேதிக்கு அடிக்கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் கம்பெனி எடுத்தபோது கோர்ட் மார்ஷல் முறையை அப்படியே கான்ஃபரன்ஸுக்குக் கொண்டுவந்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கேட்க வேண்டிய விஷயமாகவும் தோன்றவில்லை. முதலில் நாயக், பிறகு ஹவில்தார், பிறகு சுபேதார் சாப், பிறகு லெப்டினன்ட். நான் கடைசி.

கொஞ்ச காலம் ஒன்றும் நடக்கவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரி முயற்சிகளைப் பற்றிய கட்டுரைகளில் அடுத்த பத்தியிலேயே பூ பூத்துவிடும். நாயக் எழுந்து விறைப்பாக நின்று, "நீங்க சொன்னா சரி சார்" என்பார். நான் இன்னும் எதுவுமே சொல்லலையேப்பா என்பேன். "நீங்க எது சொன்னாலும் சரி சார்." சுபேதார் சாபுக்கு இது ஏதோ ஒழுங்கு குலைக்கும் வேலையாகப் பட்டது. தான் இருக்கும்போது ஒரு பையனை முதலில் கேட்பது தன்னைத் தாழ்த்துவதாக நினைத்தார். அவரைத் தனியாக உட்காரவைத்து டீ குடித்துக்கொண்டே பேச வேண்டியிருந்தது. "சாப், பையன் தப்பாச் சொன்னா திருத்தறதுக்கு நீங்க இருக்கீங்க. நீங்க முதல்லயே சொல்லிட்டா அவனுக்கு என்ன தெரியும்னு நமக்கு எப்பவும் தெரியாது" என்றேன். பையன்களுக்குப் பின்னால் வரும் தன் இடம் தீர்ப்புச் சொல்லும் இடம் என்று புரிந்ததும் அவருக்கு அது பிடித்துப்போனது.

வரிசை மட்டும் போதவில்லை, கேள்வியும் மாற வேண்டியிருந்தது. "உன் கருத்து என்ன?" என்று ஒரு அதிகாரி கேட்டால் சிப்பாய் காதில் விழுவது, "என் மனசில் இருப்பதைக் கண்டுபிடி" என்பதுதான். அதனால் கேள்வியைத் திருப்பினேன். "நாளைக்குக் காலையில் இந்தப் பாலம் ஆற்றுக்குள்ள கிடக்குது. ஏன் விழுந்துச்சு, சொல்லு." இப்போது யாரையும் எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. பாலம் ஏற்கனவே விழுந்துவிட்டது. காரணம் சொன்னால் போதும். அக்கரையில் மண் பொலபொலவென்று இருக்கிறது என்று ஒருவர். ரோலருக்கு அடியில் பேக்கிங் நனைந்திருக்கிறது என்று இன்னொருவர். மூன்றாவது ஷிப்டில் தூக்கக் கலக்கத்தில் பின் மாட்ட மறப்போம் என்று ஒரு தம்பி நேராகவே சொன்னான். உளவியலாளர் கேரி க்ளைன் இந்த முறைக்கு ப்ரீமார்ட்டம் என்று பெயர் வைத்து 2007-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதியிருக்கிறார் என்பதைப் பின்னால்தான் படித்தேன். நிர்வாகப் படிப்புக்காரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்றுத்தருகிறார்கள்.

ஒரு மலை மாநிலத்தில் மழை அடித்துக்கொண்டுபோன பாலத்துக்குப் பதிலாகப் பெய்லி போடும் வேலை வந்தது. பெய்லியை இக்கரையில் ரோலர்கள்மேல் கட்டி அப்படியே அக்கரைக்குத் தள்ள வேண்டும். பாதி தூரம் போனதும் தலைப்பக்கம் கனத்து ஆற்றில் கவிழாமல் இருக்க, முன்னால் தரை போடாத லேசான எலும்புக்கூடு ஒன்றைச் சேர்ப்போம். லாஞ்சிங் நோஸ். அக்கரை போனதும் அதைக் கழற்றிவிடலாம். எங்களுக்கு வாய்த்த இடத்தில் இக்கரைக்குப் பின்னாலேயே சாலை கொண்டை ஊசியாகத் திரும்பியது. பாலத்தோடு மூக்கையும் சேர்த்துக் கட்ட நீளம் இல்லை. மூக்கைக் குறைத்தால் வால்பக்கம் எடை ஏற்ற வேண்டும். மணல்மூட்டை எத்தனை, நிரப்ப எத்தனை ஆள், எங்கிருந்து மணல் என்று அதிகாரிகள் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். வரிசைப்படி நாயக் முதலில் எழுந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர்.

"சார், தரைக்குப் போடற ஸ்ட்ரிங்கரும் பலகையும் இங்கதான அடுக்கிக் கெடக்கு. அதையே வால்ல ஏத்திருவோம். பாலம் அந்தாண்ட உக்காந்ததும் எப்படியும் எடுத்து விரிக்கத்தான போறோம்."

மணல்மூட்டைப் பேச்சு அதோடு முடிந்தது. கணக்கை லெப்டினன்ட் சரிபார்த்தார், சுபேதார் சாப் அடுக்கும் முறையில் இரண்டு திருத்தம் சொன்னார், வேலை ஆரம்பித்தது. உலகை மாற்றிய கண்டுபிடிப்பு அல்ல. பழைய மேஸ்திரி எவருக்கும் தோன்றக்கூடியதுதான். நான் முதலில் வாயைத் திறந்து மணல்மூட்டை என்று சொல்லியிருந்தால் அந்த நாயக் மூட்டை நிரப்பப் போயிருப்பார், அதுவும் நன்றாகவே நிரப்பியிருப்பார்.

வகுப்பெடுக்க வந்த பிறகு பி.சி.கே.யை ஒழிக்க நான் ரகசியப் பூட்டு எதுவும் போடவில்லை. பயிற்சியின் முதல் நாளிலேயே டி.எஸ். சொல்யூஷனை எல்லார் கையிலும் கொடுத்துவிட்டேன். இதுதான் விடை, இனி இதைத் தோற்கடியுங்கள். எதிரி இடத்தில் உட்கார்ந்து என் விடையை எங்கே உடைப்பீர்கள்? கள்ளப் பிரதிக்குச் சந்தை விலை ஒரே நாளில் விழுந்தது. சக டி.எஸ்.கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. மாணவன் கையில் விடையைக் கொடுத்துவிட்டு மதிப்பெண் எதற்குப் போடுவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. எவ்வளவு நன்றாக உடைத்தான் என்பதற்குப் போடுகிறேன் என்றேன். அதை எப்படி எண்ணால் அளப்பது என்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்ததில்லை, இப்போதும் இல்லை.

எதிரியாக உட்காரவைப்பதிலும் ஒரு மோசடி உண்டு. பெரிய பயிற்சிகளில் சிவப்பு அணி தோற்பதற்கென்றே நியமிக்கப்படும். அமெரிக்காவில் 2002-ல் மில்லேனியம் சாலஞ்ச் என்ற பிரம்மாண்டமான போர்ப் பயிற்சி நடந்தது. எதிரியாக விளையாடியவர் ஓய்வுபெற்ற மரைன் ஜெனரல் பால் வான் ரைப்பர். வானொலியில் பேசினால் ஒட்டுக் கேட்பார்கள் என்று மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பிச் செய்தி சொன்னார். சின்னச் சின்னப் படகுகளையும் ஏவுகணைகளையும் ஒரே நேரத்தில் ஏவி, கணினிக் கடலில் 16 அமெரிக்கக் கப்பல்களை மூழ்கடித்தார். நடத்தியவர்கள் கப்பல்களை மிதக்க வைத்துப் பயிற்சியைத் தொடர்ந்தார்கள், வான் ரைப்பருக்குக் கை கட்டப்பட்டது, அவர் விலகிக்கொண்டார். இதை வகுப்பில் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். நம் பயிற்சி ஒன்றில் சிவப்பு அணி கடைசியாக எப்போது ஜெயித்தது என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

நம் வரலாற்றிலிருந்து இரண்டு கதைகளை நான் விடாமல் எடுப்பேன். ஒன்று சோஜி லா, 1948. லடாக் போகும் வழியில் பதினோராயிரம் அடிக்கு மேலே உள்ள கணவாய். எதிரி மேலே உட்கார்ந்திருந்தான். செப்டம்பரில் காலாட்படை நேராக ஏறிப் பார்த்து முடியவில்லை. குளிர்காலம் வந்தால் லே துண்டிக்கப்படும். ஜெனரல் திம்மையா டாங்கிகளை மேலே ஏற்ற முடிவெடுத்தார். 7-வது குதிரைப்படையின் ஸ்டூவர்ட் டாங்கிகள், மேல் கூண்டைக் கழற்றி, பலவீனமான பாலங்களில் வின்ச் போட்டு இழுத்து, ரகசியமாகக் கொண்டுவரப்பட்டன. கோவேறு கழுதை போகும் பாதையை வண்டி போகும் பாதையாக வெட்டியது மெட்ராஸ் சேப்பர்ஸின் இரண்டு ஃபீல்டு கம்பெனிகள். நவம்பர் 1 அன்று அந்த உயரத்தில் டாங்கியைக் கண்ட எதிரி நிலைகுலைந்தான்.

மாணவர்கள் இதைக் கேட்டதும் திம்மையாவின் துணிச்சல் என்று எழுதுவார்கள். துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்கிற கேள்வி வேறு. டாங்கி ஏறாது என்று யாரெல்லாம் சொல்லியிருக்க முடியும்? டாங்கிக்காரர் சொல்லியிருக்கலாம், எஞ்சின் மூச்சு வாங்கும் என்று. சப்ளைக்காரர் சொல்லியிருக்கலாம், பாலம் தாங்காது என்று. சேப்பர் சொல்லியிருக்கலாம், பாதை அகலம் போதாது என்று. ஒவ்வொருவர் சொல்லும் அவரவர் அளவில் சரி. ஒவ்வொருவரும் "முடியாது" என்று நிறுத்தாமல் "இதற்கு இது வேண்டும்" என்று முடித்ததால்தான் டாங்கி ஏறியது. கூண்டைக் கழற்று, வின்ச் கொடு, பாதை வெட்ட நாள் கொடு. அந்த வாக்கியத்தின் பின்பாதியைச் சொல்லவைப்பதுதான் தளபதியின் வேலை.

இன்னொன்று கடற்படைக் கதை. 1971-ல் சோவியத் நாட்டிலிருந்து ஏவுகணைப் படகுகள் வந்தன. துறைமுகத்தையும் கரையையும் காக்கும் சின்னப் படகுகள், நெடுந்தூரம் போகிறவை அல்ல. அவற்றை இறக்கும் அளவுக்குப் பெரிய கிரேன் அப்போது பம்பாயில் இல்லாததால் கல்கத்தாவில் இறக்கி, தீபகற்பத்தைச் சுற்றிப் பம்பாய்வரை இழுத்துவந்தார்கள். அலுப்பான வேலை. ஆனால் இழுத்துவந்தவர்களுக்கு ஒன்று தெரிந்துபோனது: இந்தப் படகை இழுத்துக்கொண்டு எவ்வளவு தூரமும் போகலாம். இவ்வளவு தூரம் வந்தால் கராச்சி ஏன் கூடாது என்ற எண்ணத்துக்கு வழி அங்கேதான் திறந்தது. டிசம்பர் 4 இரவு நிபாத், நிர்காத், வீர் என்ற மூன்று படகுகள் கராச்சிக்கு வெளியே போய் அடித்துவிட்டு ஒரு சேதமும் இல்லாமல் திரும்பின. இன்றும் அந்த நாள்தான் கடற்படை தினம்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது கிரேன் இல்லாதது. பட்டறையில் விதை போட்டு வளர்த்த யோசனை அல்ல அது. வேறு வேலையாகப் போனவன் கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. கயிறு பிடித்தவர்கள் பார்த்தது, திட்டம் போடுகிறவர்கள் காதுவரை போய்ச் சேர்ந்ததே, அதுதான் அபூர்வம். அட்மிரல் நந்தா கடற்படைத் தலைவராக இருந்த காலம். கேட்கிறவர் மேலே இருந்தார்.

கேட்காதவர் மேலே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெலிங்டனிலேயே சாட்சி உண்டு. 1947-க்குப் பிறகு ஸ்டாஃப் காலேஜ் குன்னூருக்குப் பக்கத்திலுள்ள இந்த வெலிங்டனில் வந்து அமர்ந்தது. ஆந்தைதான் அதன் சின்னம். சாம் மானெக்‌ஷா அங்கே கமாண்டன்டாக இருந்தபோது, வாயை அடக்காமல் பேசுகிறார் என்பதை ஒட்டி அவர்மேல் விசாரணையே நடந்தது. குற்றம் நிற்கவில்லை. 1962 தோல்விக்குப் பிறகு அவரைக் கூப்பிட்டு ஒரு கோரின் தலைமையைக் கொடுத்தார்கள். மற்றது எல்லாருக்கும் தெரியும். ஆனால் விசாரணையோடு முடிந்துபோன வாயாடிகளின் பெயர் யாருக்கும் தெரியாது. அவர்கள் எத்தனை பேர் என்பதும் தெரியாது.

ராணுவத்தில் பேச்சை அடக்க விசாரணைகூடத் தேவையில்லை, ஏ.சி.ஆர். போதும். ஆண்டு ரகசிய அறிக்கை. 9 என்பது உச்சம். பிரமிடு மேலே போகப்போகக் குறுகுவதால் பக்கத்து ஆள் 9 வாங்கும்போது 8 வாங்குவது தோல்விக்குச் சமம். 8 வாங்கியவர் மோசமான அதிகாரி என்று அர்த்தமில்லை, ஏதோ ஒரு வருஷம் ஏதோ ஒன்று பிசகியது என்று அர்த்தம். ஆகவே எதுவும் பிசகக்கூடாது. எதுவும் பிசகாமல் இருக்க ஒரே வழி, புதிதாக எதையும் தொடாமல் இருப்பது. ஜீரோ எரர் சிண்ட்ரோம் என்று நாங்களே இதற்குப் பெயர் வைத்துச் சிரித்துக்கொள்வோம். சிரித்துவிட்டு, பயிற்சி நாளன்று ஜெனரல் நடந்துபோகும் பாதையில் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்போம்.

இதற்கு என் கைக்கெட்டிய அளவில் ஒன்று செய்தேன். ஏ.சி.ஆர். எழுதும் இடத்துக்கு வந்தபோது, என் கீழ் இருந்த இளம் அதிகாரிகளிடம் வருஷத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவேன்: இந்த வருஷம் பயிற்சிக் களத்தில் ஒரு காரியத்தையாவது நீங்கள் முயன்று பார்த்து, அது சரிவராமல் போயிருக்க வேண்டும். அதை எழுதிக் கொண்டுவாருங்கள். ஏன் சரிவரவில்லை என்பது தெளிவாக இருந்தால் அதை வைத்துத்தான் உங்கள் முன்முயற்சிக்கு எண் போடுவேன். பயிற்சிக் களத்தில் மட்டும், வெடிமருந்து தொடாத இடத்தில் மட்டும். முதல் வருஷம் பயந்துபோய் சின்னச் சின்னதாகக் கொண்டுவந்தார்கள், ஒருவர் சமையற்கூட விறகடுப்பில் செய்த மாற்றத்தை. பிறகு பெரிதாயிற்று. எனக்கு மேலே கையெழுத்துப் போடுகிறவர் இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டவரை நடந்தது. ஆள் மாறினால் கதையும் மாறும். நிறுவனத்தில் ஒட்டாமல் ஆளில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழக்கம் எதுவானாலும் மாற்றல் உத்தரவோடு போய்விடும். என் முறையும் பல இடங்களில் அப்படித்தான் போயிருக்கும்.

இப்போது நிறுவனமும் கொஞ்சம் அசைகிறது. 2016-ல் ஆர்மி டிசைன் பீரோ வந்தது. களத்தில் உள்ளவனின் தேவையைத் தொழிற்சாலைக்கும் ஆய்வகத்துக்கும் கொண்டுபோகும் வாசல் அது. இன்னோ யோத்தா என்று சிப்பாய்களும் அதிகாரிகளும் தாங்கள் செய்ததைக் காட்டும் போட்டி நடக்கிறது. இவையெல்லாம் வேண்டியவைதான். ஒரு சந்தேகம் மட்டும் உண்டு. போட்டிக்கு வருவது பொருளாக இருக்கிறது: கருவி, ரோபோ, செயலி. மேடையில் வைத்துப் படம் எடுக்கலாம். "இந்தப் படிவத்தை நிறுத்துங்கள்", "இந்த ரோந்தை இரவு இரண்டு மணிக்கு மாற்றுங்கள்", "இந்தத் திட்டம் வேலைக்கு ஆகாது" என்பதும் யோசனைதான். அதை மேசையில் வைத்துக் காட்ட முடியாது, ரிப்பன் வெட்ட முடியாது. போரில் ஆளைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

பாராட்டுக்குப் பெயர்போன ஜுகாடை, அதாவது கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பியைச் சுற்றி ஓட்டிவிட்டோம் என்று மார்தட்டுவது எனக்கு ஒரு எல்லைவரைதான் பிடிக்கும். இரண்டாவது முறையும் அதே கம்பியைச் சுற்ற வேண்டியிருந்தால், முதல் முறை சுற்றியதை யாரும் மேலே எழுதி அனுப்பவில்லை என்று அர்த்தம்.

2024 ஜூலைக் கடைசியில் வயநாட்டில் மண் சரிந்து ஊர்கள் புதைந்தபோது, சூரல்மலையில் எங்கள் பிள்ளைகள் 190 அடி பெய்லி பாலம் போட்டார்கள். 24 டன் தாங்கும். மேஜர் சீதா ஷெல்கே முன்னின்று நடத்தினார். ஆகஸ்ட் 1 மாலைக்குள் வண்டி போனது. டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது பேரன், "தாத்தா, இதை யார் கண்டுபிடிச்சது?" என்று கேட்டான். பெய்லி கதை சொன்னேன். என் கண் படத்தில் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தது: இக்கரையில் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது, நடு ஆற்றில் தாங்கலை எப்படி நிறுத்தினார்கள், யார் சொன்னார்கள்?

என்னிடம் படித்த ஒருவர் இப்போது ரெஜிமென்ட் நடத்துகிறார். சில மாதங்களுக்கு முன் போனில் பேசினார். கான்ஃபரன்ஸில் நாயக்கிலிருந்து ஆரம்பிக்கும் வழக்கத்தை விடவில்லையாம். "ஆனா சார், அரை மணி நேரத்துல முடியறது இப்ப ஒண்ணரை மணி நேரம் ஆகுது. அட்ஜுடன்ட் தினம் புலம்பறான். லங்கருக்கு லேட்டாகுதுன்னு சமையல்காரன் வேற." சமையல்காரரையும் வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள், எத்தனை மணிக்குக் கூட்டம் வைக்க வேண்டும் என்று அவர் சொல்வார் என்றேன். ஒரு நிமிஷம் பேச்சு இல்லை. "நாளைக்கே கேக்கறேன் சார்" என்று போனை வைத்தார்.